மீன் விடாத தொட்டி

காலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வச்சிக்கிடுங்கம்மா. இந்தப் பையில கட்டை இருக்கு. இடிச்சா கோடு விழுந்துரும், அதான் சொல்லுதேன். மேல வச்சிரவான்னு கண்டக்டர் கேட்டாரு, வேண்டாம்னுட்டேன். பிரேக் போட்டா உருண்டு யார் தலையிலயாவது விழுந்து வைக்கும். நீங்க எதுவரைக்கும்? ராஜபாளையமா. அப்ப எனக்குப் பெறகுதான் இறங்குவீங்க. நான் சங்கரன்கோயில்ல இறங்கிருவேன்.

சாமி கும்பிட இல்ல. என் தம்பி பொண்டாட்டி அங்க இருக்கா, அவ அம்மா வீட்டுல. அவளைக் கூட்டிட்டு வரப் போறேன். இன்னைக்கு எப்படியும் கூட்டிட்டு வந்துருவேன். அவ கேட்ட ஒரே சாமான் இந்தக் கட்டைதான். அதைக் கையோட கொண்டு போறேன்லா, பெறகு எப்படி வராம இருப்பா.

அடுப்புக்கட்டை இல்லம்மா. மீன் தொட்டிக்குள்ள போடுத கட்டை. நானும் உங்கள மாதிரிதான் முழிச்சேன். தண்ணிக்குள்ள எவனாவது கட்டையப் போடுவானாலே, ஊறி நாறிப் போகாதான்னு கேட்டேன். என் தம்பி சிரிச்சான். அக்கா, ஆத்துல மரம் கெடக்கத்தானே செய்யுது, மீன் அதுக்கடியிலதானே ஒளியுதுன்னான். அவன் கிட்ட பேசி ஜெயிக்க முடியாது.

கோமதிநாயகம்னு பேரு. நாயகம்னுதான் கூப்பிடுவோம். பாளையங்கோட்டையில பத்திர ஆபீசுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருந்தான். வச்சிருந்தான்னுதான் இப்பச் சொல்லணும். ஆடி மாசம் போயிட்டான். மஞ்சக்காமாலைன்னு ஆரம்பிச்சது, ஈரல் கெட்டுப்போச்சுன்னு முடிஞ்சிட்டு. குடிக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. ஒரு காப்பிய ஒழுங்காக் குடிக்க மாட்டான். அவனுக்குப் போய் ஈரல் கெடுதுன்னா என்னத்தச் சொல்ல.

எங்க அம்மா போறப்ப அவன் பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருந்தான். என் வீட்டுக்காரர் போன பெறகு நான் பெறந்த வீட்டுக்கே வந்துட்டேன். அன்னையிலேர்ந்து அவனுக்கு நான்தான் அம்மா. எனக்கும் வேற யாரு இருக்கா. பொண்ணு பாத்தது நான், பாக்கு வெத்தலை மாத்துனது நான். சுகந்தி தங்கமான பிள்ளை, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பேச்சுதான் கம்மி. பிள்ளை குட்டி இல்ல. அதையும் நான் ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டினது கிடையாது, நீங்க அவகிட்டயே கேட்டுப் பாருங்க.

கார்த்திகை வெள்ளத்துல தாமிரவருணியில நெறைய மரம் அடிச்சிட்டு வந்து ஒதுங்கிக் கெடந்தது. தண்ணி வடிஞ்ச பெறகு ஒரு ஞாயித்துக்கிழமை புருசனும் பொண்டாட்டியும் சேரன்மகாதேவிப் பக்கம் போயிட்டு வந்தாக. கோயிலுக்குத்தான் போறாகன்னு நான் நெனச்சேன். வண்டிக்குப் பின்னால இவ இந்தக் கட்டையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. சேலையெல்லாம் சேறு. ரெண்டு பேரும் என்னமோ பொதையலத் தூக்கிட்டு வந்த மாதிரி சிரிக்காக.

சரி, கொண்டு வந்தியே, ஒரு தொட்டிய வாங்கி உள்ள போட வேண்டியதுதானேன்னா, அப்படிப் போடக் கூடாதாம். வேக வைக்கணுமாம். கட்டைய வேக வைக்கிறதக் கேள்விப்பட்டிருக்கீங்களா? என் சீர் அண்டாவ எடுத்துட்டான். எங்க அம்மா எனக்குக் குடுத்த அண்டா, பேரு வெட்டினது. அதுல கட்டையப் போட்டுக் கொல்லையில அடுப்பு மூட்டிக் கொதிக்கக் கொதிக்க வேக வச்சான். தண்ணி கடுங்காப்பி மாதிரி ஆயிட்டு. அதக் கொட்டிட்டு மறுபடி வேற தண்ணி, மறுபடி கடுங்காப்பி. அந்த அண்டாவுல படிஞ்ச கறை இன்னும் போகல. புளி போட்டுத் தேச்சேன், சாம்பல் போட்டுத் தேச்சேன், போக மாட்டேங்கு. ஆனா அதை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்.

வெந்த பெறகும் மிதக்கு. அப்புறம் கல்லுத் தொட்டியில போட்டு மேல அம்மிக்குழவியத் தூக்கி வச்சான். பங்குனி வரைக்கும் அது ஊறுது. நான் அரைக்கணும்னா குழவிய எடுப்பேன், கட்டை மேல வந்துரும். சுகந்தி மறுபடி எடுத்து வைப்பா. ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. நான் எடுப்பேன், அவ வைப்பா. மிக்ஸி இருக்கேன்னு நீங்க கேப்பீங்க. இருந்தா? அம்மியில அரைச்ச தொவையல்தான் என் தம்பிக்குப் பிடிக்கும்.

சித்திரையில கண்ணாடித் தொட்டி வந்தது. மணலச் சலிச்சுக் கழுவிப் பரத்தினான். கட்டைய நடுவுல வச்சான். செடி வாங்கிட்டு வந்து ஒவ்வொண்ணா நட்டான். எல்லாம் மணல்ல நட்டாச்சு, ஒரு செடி மட்டும் மண்ணுல நடக் கூடாதாம், கட்டையில ஒட்டித்தான் வளருமாம். சின்ன இலை, தடிச்ச வேரு. அதக் கட்டையோட சேர்த்து வச்சு நூலால சுத்தினான். சுகந்தி ரவிக்கை தைக்கிற பச்சை நூலு. அவன் சுத்த, இவ முடிச்சு மேல வெரல வச்சு அமுக்கிக்கிட்டு நிக்கா. ரெண்டு தலையும் தொட்டிக்குள்ள. நான் காப்பி கொண்டு போய்க் கொடுத்துட்டு, வச்சது வச்சபடி ஆறிக் கெடந்ததத் திரும்ப எடுத்துட்டு வந்தேன். இந்த நூலு அழுகிப் போகும்போது வேரு கட்டையப் புடிச்சிருக்கும்க்கா, பெறகு நூலு வேண்டாம்னு சொன்னான். எனக்கு என்ன புரிஞ்சது.

நல்ல பிள்ளையாட்டம் தண்ணியும் ஊத்தியாச்சு, லைட்டும் போட்டாச்சு. மீன் எங்கடான்னா, மீன் இப்ப விடக் கூடாதாம். தண்ணி பக்குவப்படணுமாம், செடி வேரு புடிக்கணுமாம். முதல்ல நட்ட இலையெல்லாம் அழுகிப் போச்சு. பாத்தியா, காசக் கரியாக்கிட்டன்னு சொன்னேன். பழைய இலை போகத்தான் செய்யும்க்கா, வேரு இருந்தா புதுசா வரும்னான். அதுபோக அந்தக் கட்டையிலேர்ந்து சாயம் எறங்கிக்கிட்டே இருக்கு. அத்தனை வேக வச்சும் தண்ணி டீத் தண்ணிதான். டெய்லி கொஞ்சம் மொண்டு வெளிய ஊத்துவான், கொஞ்சம் புதுசு விடுவான். தண்ணி கண்ணாடி மாதிரி தெளியட்டும்க்கா, அன்னைக்கு நாம மூணு பேரும் போய் மீன் வாங்கிட்டு வருவோம், நீதான் உன் கையால விடணும்னான். என்னையும்தான் சேர்த்துச் சொன்னான். அவ இருக்கும்போதே சொன்னான்.

வீட்டுக்கு வாரவுக எல்லாம் சிரிப்பாக. மீன் இல்லாத மீன் தொட்டி. ஆனா சாயங்காலம் கடைய அடைச்சிட்டு வந்தான்னா ரெண்டு பேரும் அதுக்கு முன்னால உக்காந்துருவாக. டிவி பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்குப் பாப்பேன். அவுக அந்தக் கலங்கல் தண்ணியப் பாத்துக்கிட்டு இருப்பாக. பேச்சும் கிடையாது. என்னத்தடா பாக்கீங்கன்னா, புது இலை ஒண்ணு வருதுக்காம்பான். நானும் ஒரு நாள் போய்ப் பக்கத்துல உக்காந்து பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. முதுகு வலிச்சது, எந்திரிச்சு வந்துட்டேன்.

ஆனியில ஆஸ்பத்திரியில சேர்த்தோம். நான்தான் கூடவே இருந்தேன். பொண்டாட்டி இருக்கும்போது நீ எதுக்குன்னு நர்ஸம்மா கேட்டா. நான்தான் அவனுக்கு அம்மான்னேன். சுகந்தி வீட்டுக்குப் போய்ச் சமைச்சுக் கொண்டு வருவா, அப்படியே தொட்டிக்கும் தண்ணி மாத்திட்டு வருவா. அவனே மாத்தச் சொல்லுவான். கண்ணு ரெண்டும் மஞ்சளா, வயிறு வீங்கிப் போய்ப் படுத்திருக்கான், வாயத் தொறந்தா, தண்ணி தெளிஞ்சிட்டான்னு கேப்பான். இன்னும் கலங்கலாத்தான் இருக்கு, கொஞ்சம் தேவலன்னு சுகந்தி சொல்லுவா. எனக்கு ஆத்திரமா வரும். வெளிய கூப்பிட்டு வச்சு, ஏம்பிள்ளே, சீக்காளிகிட்ட நல்லதாச் சொல்லக் கூடாதா, தெளிஞ்சிட்டுன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் என்ன தேஞ்சா போகும்னு சத்தம் போட்டேன். அவருகிட்ட நான் பொய் சொன்னதில்ல மைனின்னா. சரி, நீ அரிச்சந்திரன் மகளா இருந்துக்கோன்னுட்டு நானே சொன்னேன். நாயகம், தெளிஞ்சிட்டுடா, கண்ணாடி மாதிரி இருக்குடா, நீ எந்திரிச்சு வா, மீன் வாங்கப் போவோம்னேன். என்னைப் பாத்தான். நீ போய்ப் பாத்தியாக்கான்னான். பாத்தேன்னு சொன்னேன். நான் வீட்டுக்கே போகல. அவன விட்டுட்டு எங்க போக.

கடைசி நாளு காலையில இவ வீட்டுலேர்ந்து ஓடி வாரா. படியேறி வந்து மூச்சு வாங்குது. மைனி, தண்ணி தெளிஞ்சிட்டு, சத்தியமாத் தெளிஞ்சிட்டுன்னா. அவனுக்கு அப்ப நெனவு இல்ல. நான் அன்னைக்கே சொல்லிட்டேன், இப்பப் போய் என்னத்த அதுன்னேன். அவ என்னைத் தாண்டிப் போய் அவன் காதுகிட்டக் குனிஞ்சு, தெளிஞ்சிட்டுன்னா. மறுபடியும் மறுபடியும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தா. கேட்டானோ என்னமோ. மத்தியானம் போயிட்டான்.

இருங்க, கொஞ்சம் கண்ணத் தொடச்சிக்கிடுதேன். பேசாம இருந்தா ஒண்ணும் இல்ல, பேசினா இப்படி வந்துருது.

எங்க பக்கம் வழக்கம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு வீட்டுல சாவு விழுந்து, எடுத்துட்டுப் போயாச்சுன்னா, அந்த வீட்டுல இருந்த தண்ணி ஒரு சொட்டு இருக்கப்படாது. குடத்துத் தண்ணி, அண்டாத் தண்ணி, பாத்ரூம் வாளி, ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கிற பாட்டில் எல்லாத்தையும் கொட்டிட்டு வீட்டக் கழுவி விட்டுத்தான் புதுத் தண்ணி புடிக்கணும். ஆம்பளைங்க சுடுகாட்டுக்குப் போயிட்டாக. சுகந்தி ஒரு மூலையில சொவத்தைப் பாத்துக் கெடக்கா. அந்த வீட்டுல மூத்தவ நான். நான் அழுதுக்கிட்டு உக்காந்திருந்தா யாரு செய்வா? சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஒவ்வொண்ணாக் கொட்டினேன். அப்பப் பக்கத்து வீட்டுக் கற்பகம் கேட்டா, யக்கா, தொட்டியில இருக்கிறதும் தண்ணிதானேன்னு. நானும் யோசிச்சேன். தண்ணிதானே. அவ கேக்கலைன்னா எனக்கே தோணியிருக்கும்.

அப்பத்தான் கிட்டப் போய்ப் பாத்தேன். தெளிவாத்தாம்மா இருந்தது. அந்தப் பக்கத்துச் சொவத்துல தொங்குன காலண்டர்ல தேதி தெரியுது. அத்தனை செடியும் பச்சைப் பசேல்னு நிக்கு, கட்டை மேல ஒட்டுன செடி எல்லாத்துக்கும் மேல நிக்கு. கையில இருந்த வாளியக் கீழ வச்சேன். அப்பத்தான் நெனச்சேன், நான் அவன்கிட்டச் சொன்னது பொய்யில்லன்னு. தெளியத்தானே செஞ்சது. நாலு நாளு முந்திச் சொல்லிட்டேன், அவ்வளவுதானே?

மொண்டு மொண்டு முற்றத்துல ஊத்தினோம். செடியெல்லாம் துவண்டு விழுந்துட்டு. புடுங்கி முருங்கை மூட்டுல போட்டேன், உரமாகும்லா. கட்டைய, அதுல ஒட்டுன செடியோடயே கொல்லையில கொண்டு போய்ச் சாத்தினேன். தொட்டியத் துடைச்சுக் கவுத்தி வச்சாச்சு. வேலை முடிஞ்சு திரும்பினா சுகந்தி நிக்கா. எப்ப எந்திரிச்சு வந்தான்னு தெரியாது. தலையெல்லாம் கலைஞ்சு போய், அந்தக் காலித் தொட்டியப் பாத்துக்கிட்டு நிக்கா. அழல. திட்டல. நாலு வார்த்தை திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன், ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு அழுதிருப்போம். நேராக் கொல்லைக்குப் போனா. கட்டைய எடுத்து ஒரு வாளியில போட்டு, குழாயில தண்ணி புடிச்சு நெறச்சா. சாவு நடந்த வீட்டுல, அந்த நேரத்துல, அதுதான் அவளுக்கு வேலை. வந்த பொம்பளைங்கல்லாம் என் மூஞ்சியப் பாக்காக.

பதினாறு முடிஞ்சதும் அவ அம்மா வீட்டுல கூட்டிட்டுப் போனாக. அதுவும் வழக்கந்தான். வாசல்ல நின்னு, மைனி, அந்த வாளித் தண்ணிய மட்டும் அப்பப்ப மாத்தி விடுங்க, செடி உசுரோட இருக்குன்னா. ஒரு மாசத்துல வந்துருவான்னு நான் இருந்தேன். ஆவணி போச்சு, புரட்டாசி போச்சு. வாளித் தண்ணிய நான் மாத்தத்தான் செஞ்சேன், சும்மா சொல்லக் கூடாது. பெறகு கொசு மருந்து அடிக்க வந்த பிள்ளைக, இப்படித் தண்ணி தேக்கி வைக்கக் கூடாதும்மான்னுச்சுக. அதுகளும் நல்லதுக்குத்தானே சொல்லுதுக. கொட்டிட்டேன்.

போன வாரம் போன் பண்ணினா. நான் இங்கயே ஒரு தையல் கடையில சேர்ந்துட்டேன் மைனி, இனி இங்கதான் இருக்கப் போறேன்னா. அந்த வீட்டுல என் சாமான் ஒண்ணும் வேண்டாம், சீர்ப் பாத்திரத்தையும் நீங்களே வச்சிக்கிடுங்க, கட்டைய மட்டும் ஈரத்துணியில சுத்தி யாருகிட்டயாவது குடுத்து விடுங்க, வழியில காயாமப் பாத்துக்கிடச் சொல்லுங்கன்னா. யாருகிட்டயோ எதுக்குக் குடுத்து விடணும், நானே கொண்டு வாரேன்னேன். பின்னால தையல் மிஷின் ஓடுத சத்தம் கேட்டது. பெறகு, சரி மைனின்னா. சரின்னாள்லா. அந்த ஒரு சரியில எனக்கு உசுரு வந்துட்டு. ராத்திரி வீட்டுல நான் மட்டுந்தாம்மா. மூணு பேருக்கு ஆக்கிப் பழகின கை, ஒருத்திக்கு அளவு வர மாட்டேங்கு. அவ வந்தான்னா அவன்கூட இருந்த ஒரு ஆளு வீட்டுல இருக்கும். எனக்கு அது போதும்.

சும்மா கொண்டு போகக் கூடாதுன்னு பாத்தேன். ஈரத்துணியில சுத்தினா என்ன ஆகும்? புழுத்துப் போகும். அவ சின்னப் பிள்ளை, அவளுக்குத் தெரியாது. மொட்டைமாடியில நல்ல வெயில்ல போட்டுக் காய வச்சேன். அதுல பாசி மாதிரி படிஞ்சிருந்ததயெல்லாம் கத்தியால சுரண்டினேன். அந்தச் செடி இருந்ததுல்லா, அது தண்ணி கொட்டின வாளியில கெடந்தும் சாகல, மழை ஈரமே போதும் போல. குருத்து ஒண்ணு சுருண்டு வெளிய வந்திருந்தது. அதை எடுக்கத்தான் பாடாப் பட்டுட்டேன். வேரு கட்டையோட போய் ஒட்டிக்கிட்டு. அவன் போட்ட முடிச்சு அவிழவும் இல்ல. அரிவாள்மணையில வச்சு அறுத்தேன். எத்தனை மாசம் தண்ணிக்குள்ள கெடந்த நூலு, அப்படியே இருந்ததும்மா. நல்லா முடிச்சுப் போட்டிருக்கான். சின்னதுல அவனுக்குச் ஷூக் கயிறு கட்டச் சொல்லிக் குடுத்ததே நான்தான்.

எங்க தெரு ஆசாரிகிட்டக் குடுத்து நல்லா இழைச்சு வார்னிஷ் போட்டு வாங்கினேன். செடி கிடி இருந்தா வார்னிஷ் புடிக்காதும்மா, சுத்தமாக் கொண்டாங்கன்னு அவரும் சொன்னாரு. பாருங்க, பிரிச்சுக் காட்டுதேன். பளபளன்னு இல்ல? இனிமே இதைத் தொட்டியில எல்லாம் போட வேண்டாம். டிவி மேல வச்சிக்கிடலாம். அவன் நெனப்பா எந்தக் காலத்துக்கும் இருக்கும், அழியாது. என் வீட்டுக்காரர் போனப்ப அவர் சட்டை ஒண்ணுகூட எனக்கு மிஞ்சல. எல்லாத்தையும் யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டாக. நான் கேக்கல, கேக்கத் தெரியல. ஒரு கைக்குட்டையாவது கேட்டிருக்கலாம்னு இன்னைக்கு வரைக்கும் நெனப்பேன். அதனாலதான் இவ கேட்டதும் எனக்கு மனசு தாங்கல. ஒரு குறையும் இல்லாமச் செஞ்சு கொண்டு போறேன்.

என்னம்மா, ஜன்னலப் பாக்கீங்க? நல்லாத்தானே இருக்கு? சந்தோசப்படுவால்லா?

ஊரு வந்துட்டு போலிருக்கே, கோபுரம் தெரியுது. நீங்க அந்தத் தண்ணி பாட்டிலக் கொஞ்சம் குடுங்க. குடிக்க இல்ல. காயாமக் கொண்டு வாங்கன்னு சொல்லி விட்டாள்லா. அவ சொன்னதக் கேக்கலன்னு இருக்கக் கூடாது. மேலாக்கக் கொஞ்சம் தெளிச்சுக் கொண்டு போய்க் கையில குடுத்தா, ஈரமாத்தான் கொண்டு வந்தேன்னு இருக்கும். நீங்களே ஊத்துங்க, நான் கட்டையப் புடிச்சிக்கிடுதேன்.

இங்கன. இந்த நடுவுல.

தண்ணி நிக்க மாட்டேங்கே. உருண்டு உருண்டு கீழ போயிருது, உங்க சேலையில படுது பாருங்க. இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா.